அந்தியூர் குதிரைச் சந்தை: பணம் கொடுக்கும் முன் பல்லையும் காலையும் பாருங்கள்

ஈரோடு மாவட்டம் அந்தியூரை அடுத்த புதுப்பாளையத்தில் குருநாதசாமி கோயில் உள்ளது. இக்கோயிலின் ஆடித் திருவிழாவையொட்டி ஆண்டுதோறும் கூடும் கால்நடைச் சந்தை பெயர் பெற்றது. மாடு, எருமை, ஆடு முதலியன விற்பனைக்கு வந்தாலும், வெளியூர் மக்களை ஈர்ப்பது குதிரைச் சந்தையே. திப்பு சுல்தான் காலத்தில் படைக்குக் குதிரை வாங்குவதற்காக ஏற்பட்ட சந்தை இது என்பது அப்பகுதியில் வழங்கும் செய்தி. கொரோனா தொற்றின் காரணமாக 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கூடாதிருந்த சந்தை, 2022 முதல் மீண்டும் கூடியது.

சந்தையில் குதிரைகளை நடக்கவிட்டும், ஓடவிட்டும், மேளத்திற்கு ஏற்ப ஆடவிட்டும் காட்டுவார்கள். பிடரி மயிரைச் சீவி, மணியும் குஞ்சமும் கட்டி நிறுத்துவார்கள். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் வாங்க வந்த விவசாயி மயங்கிவிடக் கூடாத இடமும் இதுவே. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் குதிரையை அவசியம் பல்லைப் பிடித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

சந்தைக்கு வரும் இனங்கள்

இங்கு அதிகமாகப் பேசப்படும் இனங்கள் மார்வார், கத்தியவார் ஆகிய இரண்டும் ஆகும். மார்வார் இராஜஸ்தானைச் சேர்ந்தது. கத்தியவார் குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியைச் சேர்ந்தது. இவ்விரண்டிற்கும் காது நுனிகள் உட்புறமாக வளைந்து ஒன்றையொன்று தொடுவதுபோல் நிற்கும். கத்தியவார் சுமார் 58 அங்குல உயரம் இருக்கும். மார்வார் பொதுவாக அதைவிடச் சற்று உயரமானது. உயரத்தைத் தலையிலிருந்து அளக்கக் கூடாது. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டிலிருந்து தரைவரை அளக்க வேண்டும்.

வெள்ளை நிறமும் இளஞ்சிவப்புத் தோலும் உடைய குதிரையை 'நொக்ரா' என்பார்கள். ஊர்வலங்களுக்கு இதை விரும்புவோர் பலர். வெயிலில் இதன் மூக்கு, கண்ணோரத் தோல் எளிதில் புண்ணாகும். நிழல் வசதி உள்ளவர்களே இதை வாங்கலாம். பிறக்கும்போது கறுப்பாகவோ பழுப்பாகவோ இருந்து, வயதாக வயதாக வெளுக்கும் குதிரைகளும் உண்டு. அவற்றின் தோல் கறுத்தே இருக்கும். இவ்வகையில் வயது முதிர்ந்தவற்றிற்கு வாலின் அடியிலும் ஆசன வாயைச் சுற்றியும் கறுப்புக் கட்டிகள் தோன்றுவது சகஜம். வாலைத் தூக்கித் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

யாருக்குக் கட்டுப்படியாகும்?

முன்பு ஊருக்கு ஊர் ஜட்கா வண்டி ஓடியது. பேருந்தும் ஆட்டோவும் வந்தபின் அந்தப் பிழைப்பு போய்விட்டது. 2019 ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து சுமார் 3.4 இலட்சமே இருந்தன. 2012 ஆம் ஆண்டுக் கணக்கோடு ஒப்பிட்டால் இது சுமார் 45 சதவீதம் குறைவு. ஆகவே, 'வாங்கிக் கட்டினால் எப்படியும் வேலை கிடைக்கும்' என்ற பழைய கணக்கு இப்போது பொருந்தாது.

குதிரை வாங்க நினைக்கும் சிறு விவசாயி முதலில் தீவனக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். குதிரை தன் உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கு அளவில் உலர்ந்த தீவனம் தின்னும். 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 6 கிலோ, மாதத்திற்கு 180 கிலோ வேண்டும். ஏறக்குறைய ஒரு நாட்டுப் பசு தின்னும் அளவு இது. பசு பாலும் கன்றும் தரும். குதிரைக்கு வாடகை வருமானமோ, குட்டி விற்ற வருமானமோ இருந்தால்தான் செலவு திரும்பும். திருமண ஊர்வலம், கோயில் விழா, சவாரிப் பயிற்சி ஆகியவற்றிற்கு அருகில் தேவை இருக்கிறதா என்பதை வாங்கும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

குட்டிக்காகப் பெட்டைக் குதிரை வாங்குவோர் காலக் கணக்கையும் மறக்கக் கூடாது. சினைக்காலம் சுமார் 11 மாதம். குட்டியை ஆறு மாதம்வரை தாயிடம் விட வேண்டும். ஆக, பொலிக்கு விட்ட நாளிலிருந்து குட்டியைப் பிரித்து விற்க ஒன்றரை ஆண்டு ஆகிவிடும். ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டிதான். 'சினைக் குதிரை' என்று சொல்லி விலை கூட்டிக் கேட்டால், கால்நடை மருத்துவரைக் கொண்டு சோதித்த பின்பே அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்கலாம்.

வயதைப் பல் சொல்லும்

மாட்டுக்கு மேல் தாடையின் முன்புறத்தில் பல் கிடையாது. குதிரைக்கு மேலே 6, கீழே 6 என 12 வெட்டுப்பற்கள் உண்டு. மாட்டை 'இரண்டு பல்', 'நான்கு பல்' என்று பார்ப்பதுபோலவே குதிரையையும் கீழ்த்தாடைப் பல்லைக் கொண்டு மதிப்பிடலாம்.

இரண்டரை வயதில் நடுவிலுள்ள இரண்டு பால் பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். மூன்றரை வயதில் அவற்றை அடுத்த இரண்டும், நாலரை வயதில் கடைசி இரண்டும் மாறும். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். பால் பல் சிறியதாகவும், வெண்மையாகவும், அடியில் ஒடுங்கியும் இருக்கும். நிலைப்பல் அகன்று, மஞ்சள் படிந்து இருக்கும்.

ஐந்து வயதுக்கு மேல் பல்லின் மேற்பரப்பிலுள்ள கறுப்புக் குழியைப் பார்க்க வேண்டும். கீழ்த்தாடையின் நடுப்பற்களில் இக்குழி சுமார் 6 வயதில் தேய்ந்து மறையும். அடுத்த பற்களில் 7 வயதிலும், கடைசிப் பற்களில் 8 வயதிலும் மறையும். பத்து வயதளவில் மேல்தாடைக் கடைசி வெட்டுப்பல்லின் வெளிப்புறத்தில், ஈற்றின் ஓரத்தில் ஒரு பள்ளக்கோடு தோன்றும். இக்கோடு 15 வயதில் பல்லின் பாதிவரை இறங்கும். 20 வயதில் அடிவரை எட்டும். பக்கவாட்டில் பார்க்கும்போது, இளங்குதிரையின் மேல், கீழ்ப் பற்கள் நேராகச் சந்திக்கும். வயதான குதிரையின் பற்கள் கிளியின் மூக்குபோல் முன்னோக்கிச் சாய்ந்து நிற்கும். தீவனத்தைப் பொறுத்து இக்கணக்கு ஓராண்டு முன்பின் இருக்கலாம்.

கிழக் குதிரையின் பல்லைக் குடைந்து, சூடு வைத்துக் கறுப்புக் குழி உண்டாக்கி, இளங்குதிரை என்று விற்கும் மோசடி உலகெங்கும் குதிரை வியாபாரத்தில் பழைய மோசடி. இயற்கையான குழியைச் சுற்றி வெண்மையான, கெட்டியான வளையம் ஒன்று இருக்கும். குடைந்த குழிக்கு அவ்வளையம் இராது. பல்லின் சாய்வையும் யாராலும் மாற்ற முடியாது. வெட்டுப்பற்களின் முன்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால், அக்குதிரை தொட்டியையும் கட்டையையும் கடிக்கும் பழக்கமுடையது என்று அறியலாம். இப்பழக்கத்தை நிறுத்துவது கடினம்.

கால் இல்லையேல் குதிரை இல்லை

குதிரையை ஆடவிட்டுப் பார்த்தால் கால் ஊனம் தெரியாது. கயிற்றைத் தளர்த்திப் பிடித்து, கெட்டித் தரையில் நேராக நடக்கவிட்டு, பிறகு மெதுவாக ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். முன்னங்காலில் வலி இருந்தால், வலியுள்ள காலை ஊன்றும்போது குதிரை தலையை மேலே தூக்கும். நல்ல காலை ஊன்றும்போது தலையைத் தாழ்த்தும். பின்னங்காலில் வலி இருந்தால் இடுப்பின் ஒருபுறம் மற்றதைவிட அதிகமாக ஏறி இறங்கும். இடப்பக்கமும் வலப்பக்கமும் சிறு வட்டமாகத் திருப்பியும், சில அடிகள் பின்னுக்குத் தள்ளியும் பார்ப்பது நல்லது.

வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுக் கொண்டுவந்திருந்தால் ஒரு வேளைப் பார்வையில் கண்டுபிடிக்க முடியாது. எனவே, பிடித்த குதிரையைக் காலையில் ஒருமுறையும், மறுநாள் ஒருமுறையும் பார்ப்பது பாதுகாப்பானது. சந்தை சில நாட்கள் நடப்பதால் இதற்கு அவகாசம் உண்டு.

நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்க்க வேண்டும். வெடிப்பு, ஒரு குளம்பில் மட்டும் சூடு, அடியில் கறுத்த கசிவு, துர்நாற்றம் ஆகியவை கூடா. முன்னங்கால்களை முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னங்கால்களில் போட்டுச் சாய்ந்து நிற்கும் குதிரைக்குக் குளம்பின் உட்பகுதியில் அழற்சி இருக்கலாம். அதை வாங்கக் கூடாது. குளம்பைத் தூக்கவிடாமல் முரண்டு செய்யும் குதிரைக்கு லாடம் அடிப்பதும் பெரும்பாடு.

கண், மூச்சு, குணம்

நிழலிலிருந்து வெளிச்சத்திற்குக் கொண்டுவந்து கண்ணைப் பார்க்க வேண்டும். பாவை சுருங்க வேண்டும். பூ விழுந்திருக்கக் கூடாது. ஓய்விலிருக்கும் குதிரை நிமிடத்திற்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும். நாடி 28 முதல் 44 வரை துடிக்கும். சற்று ஓடவிட்டு நிறுத்திய பின், மூச்சு சில நிமிடங்களில் தணிய வேண்டும். நெடுநேரம் விலா எக்கி மூச்சு வாங்கினாலும், இருமினாலும் ஒதுக்கிவிடலாம்.

குதிரையின் குணம் அறிந்துதான் ஆண்டவன் கொம்பு கொடுக்கவில்லை என்பது பழமொழி. கடிப்பது, உதைப்பது, எழும்பி நிற்பது ஆகிய குணங்களை விற்பவர் தாமாகச் சொல்ல மாட்டார். பழகிய ஆள் விலகி நிற்க, வாங்குபவரே கயிற்றைப் பிடித்து நடத்திப் பார்க்க வேண்டும்.

சுழியும் விலையும்

சந்தையில் 'சுழி சுத்தம்' என்பதற்குத் தனி விலை உண்டு. நெற்றி, கழுத்து, மார்பு ஆகிய இடங்களில் உள்ள மயிர்ச் சுழிகளைப் பார்த்து இராசி சொல்வார்கள். சுழிக்கும் குதிரையின் உழைப்புக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் மறுபடி விற்கும்போது வாங்குபவர் சுழி பார்ப்பார் என்பதால் விலையில் அதற்கு இடம் உண்டு. சுழியில் வேறொரு பயனும் இருக்கிறது. அது மாறுவதில்லை. ஆகவே, குதிரையை அடையாளம் காண நல்ல குறி. விற்பனைச் சீட்டில் நிறம், நெற்றி வெள்ளை, கால் வெள்ளை, உயரம், பல் வயது ஆகியவற்றோடு சுழி இருக்குமிடங்களையும் எழுதி, விற்பவர் கையொப்பம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

தரகர் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவது வழக்கம். அவ்வாறு பேசினாலும், தரகு எவ்வளவு, யார் கொடுப்பது என்பதை வாய்விட்டுச் சொல்லி முடித்துக்கொள்வது பின்னால் தகராறு வராமல் காக்கும்.

சந்தையிலிருந்து வரும் நோய்

பல மாநிலக் குதிரைகள் ஓரிடத்தில் கூடுவதால் நோய் பரவும் வாய்ப்பு அதிகம். இவற்றுள் மிகக் கொடியது கிளாண்டர்ஸ். மூக்கிலிருந்து பிசுபிசுப்பான மஞ்சள் சளி, மூக்கினுள் புண், கால்களில் வரிசையாகக் கட்டிகள் உடைந்து சீழ் வடிதல் ஆகியன இதன் அறிகுறிகள். வெளிக்கு அறிகுறி இல்லாமலும் நோய் இருக்கலாம். இது மனிதரையும் தொற்றிக் கொல்லக் கூடியது. இதற்குத் தடுப்பூசி இல்லை. 2009 ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி இந்நோயைக் கால்நடைத் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். நோய் உறுதியானால் குதிரையை அழித்துவிடுவார்கள். இரத்தப் பரிசோதனையில் நோயில்லை என்று அண்மையில் பெற்ற சான்று இருக்கிறதா என்று கேட்டு, குதிரையின் அடையாளங்கள் சான்றில் உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

மாட்டு ஈ கடிப்பதால் பரவும் 'சர்ரா' நோயில் விட்டுவிட்டுக் காய்ச்சல், மெலிவு, கால் வீக்கம், இரத்தசோகை காணும். இதற்கு மருந்து உண்டு. ஆனால் தாமதிக்கக் கூடாது.

வாங்கி வந்த குதிரையை மூன்று வாரம் தனிக் கொட்டிலில் கட்ட வேண்டும். தண்ணீர் வாளி, தீவனத் தொட்டி, தேய்க்கும் பிரஷ் ஆகியவை தனியாக இருக்க வேண்டும். வந்தவுடன் மருத்துவரைக் கொண்டு இரணஜன்னித் தடுப்பூசி போடச் செய்ய வேண்டும். ஓர் ஆணிக் காயமே குதிரைக்கு இரணஜன்னியை உண்டாக்கப் போதும்.

தீவனத்தில் கவனம்

கி.பி. 1290-களில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர்கள் கடல் வழியாக ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்கியதையும், சரியான பராமரிப்பு தெரியாததால் ஆண்டு முடிவதற்குள் அவற்றில் பெரும்பாலானவை இறந்ததையும் எழுதியிருக்கிறார். குளம்பும் உடலும் பார்க்கத் தெரிந்தவர்கள் இங்கு வராதபடி குதிரை வணிகர்களே பார்த்துக்கொண்டார்கள் என்றும் அவர் குறிப்பிடுகிறார். குதிரை சாகச் சாக அவர்களுக்கு வியாபாரம். பராமரிப்பு தெரியாதவருக்கு இன்றும் இதே நட்டம்தான்.

குதிரைக்கு இரைப்பை சிறியது. தின்றதை வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. ஆகவே, தீவனத்தை மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பெரும்பகுதி உலர்ந்த புல்லாக இருக்க வேண்டும். கொள்ளை ஊறவைத்தோ வேகவைத்தோ, தவிட்டோடு அளவாகக் கொடுக்கலாம். புதிய தீவனத்திற்கு மாற்றும்போது ஒரு வாரம் முதல் பத்து நாள்வரை சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். நாளொன்றுக்கு 25 முதல் 40 லிட்டர் தண்ணீர் வேண்டும்.

பெயரிலேயே குதிரையைக் கொண்டுள்ள குதிரை மசால் இதற்கு நல்ல பசுந்தீவனம். பாசன வசதியுள்ளவர்கள் புரட்டாசி, ஐப்பசியில் ஏக்கருக்கு 8 கிலோ விதை விதைக்கலாம். முதல் அறுவடை விதைத்த 70 முதல் 75 நாட்களிலும், பிறகு 25 முதல் 30 நாட்களுக்கு ஒருமுறையும் கிடைக்கும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் கூட இது ஏற்றது. குதிரைக்கு இதை மட்டுமே நிறையப் போடாமல் உலர்புல்லோடு கலந்து போட வேண்டும்.

இரண்டு தீவனங்களை அறவே விலக்க வேண்டும். ஒன்று, பூசணம் பிடித்த மக்காச்சோளமும் வைக்கோலும். பூசணம் பிடித்த மக்காச்சோளம் மூளையைத் தாக்கிக் கொன்றுவிடும். மற்றொன்று கோழித் தீவனம். கோழிகளின் இரத்தக்கழிச்சலைத் தடுக்க அதில் சேர்க்கப்படும் சில மருந்துகள் கோழிக்குத் தீங்கு செய்யா; குதிரைக்கு அவை நஞ்சு. கோழிப் பண்ணையும் குதிரையும் ஒரே தோட்டத்தில் இருந்தால் மூட்டைகளைத் தனியே வைப்பது அவசியம்.

குதிரை விலாப்புறத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலும், தரையைக் காலால் பறித்தாலும், படுத்துப் புரண்டாலும், சாணம் போடாவிட்டாலும் அது வயிற்று வலியாகும். கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். லாடத்தை ஆறு வாரத்திற்கு ஒருமுறை எடுத்து, குளம்பைச் செதுக்கி மறுபடி அடிக்க வேண்டும்.

பந்தயத்திற்கு ஓட்டுவோர்

தமிழகக் கிராமங்களில் திருவிழாவையொட்டிக் குதிரை வண்டிப் பந்தயம் நடத்துவதும் உண்டு. 2017 ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் ஜல்லிக்கட்டு முதலிய காளை நிகழ்ச்சிகளைப் பற்றியது. குதிரைப் பந்தயத்தை அதன்கீழ் கொண்டுவர முடியாது. நடத்துவோர் மாவட்ட நிர்வாகத்திடம் தனியாக அனுமதி பெற வேண்டும்.

வாய் நிறையாத, அதாவது ஐந்து வயது முடியாத குதிரையைப் பந்தயத்தில் விரட்டுவது முதலுக்கே மோசமாகும். எலும்பும் மூட்டும் முதிராத காலத்தில் தார்ச்சாலையில் ஓடிய குதிரை, நன்கு உழைக்க வேண்டிய வயதில் நொண்டியாகிவிடும். ஓட்டம் முடிந்ததும் நிழலில் மெதுவாக நடக்கவிட்டு, உடலெங்கும் குளிர்ந்த நீர் ஊற்றி, சிறிது சிறிதாகக் குடிக்கவும் கொடுக்க வேண்டும். தானியத் தீவனத்தை மூச்சு தணிந்து ஒரு மணி நேரம் கழித்தே வைக்க வேண்டும். பின்தசை விறைத்து, நடக்க மறுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போனால், குதிரையை ஓர் அடியும் நடத்தாமல் மருத்துவரை வரவழைக்க வேண்டும்.

மாட்டுச் சந்தையையும் பாருங்கள்

குதிரையைப் பார்க்கச் செல்லும் சிறு விவசாயிகள், அதே சந்தைக்கு வரும் மாடுகளையும் பார்த்து வருவது நல்லது. அந்தியூருக்கு வடக்கேயுள்ள பர்கூர் மலையின் செம்மறை மாடுகள், செந்நிறத்தில் வெள்ளைத் திட்டுகளுடன் இருக்கும். மேட்டிலும் காட்டிலும் மேய்ந்து, குறைந்த தீவனத்தில் உழைக்கும் இனம். பர்கூரில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மாட்டின ஆராய்ச்சி நிலையமும் உள்ளது. வாடகை வருமானத்திற்கு வழியில்லாதவர், குதிரைக்கு வைத்திருக்கும் பணத்தில் மாடு வாங்கினால் எருவாவது மிஞ்சும்.

குதிரை 25 ஆண்டுகள்வரை வாழும். வேலை இல்லாத நாளிலும் தின்னும். அடுத்த ஆடிச் சந்தையில் வாங்க எண்ணுவோர், இப்போதே கொட்டிலும் உலர்புல்லும் தயார் செய்துகொள்ள வேண்டும். குதிரை வைத்தியத்தில் பழக்கமுள்ள மருத்துவர் அருகில் யார் என்று அரசு கால்நடை மருத்துவமனையில் கேட்டறிந்து, முடியுமானால் வாங்கும் நாளில் அவரையும் உடன் அழைத்துச் செல்வது நலம்.